பிழை பிடிக்கும் கருவியைப் பூட்டி வைக்கலாமா?

சோற்றில் கல் இருந்தால் பல் சொல்லிவிடும். பாலில் தண்ணீர் கலந்தால் நாக்கு சொல்லிவிடும். கம்ப்யூட்டர் புரோகிராமில் பிழை இருந்தால் யார் சொல்வது?

அது கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்காது. ஆண்டுக் கணக்கில் பேசாமல் படுத்துக் கிடக்கும். ஒரு நாள் திடீரென்று எழுந்து கடித்துவிடும்.

கடிப்பதற்கு முன்பே அதைப் பிடிக்கச் சில கருவிகள் இருக்கின்றன. அவையும் புரோகிராம்கள்தான். அவற்றைச் செய்தவர்களில் பலர் அவற்றை விற்கவில்லை. "இது சோதனையில் இருக்கிறது. இன்னும் முழுமை பெறவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக் கொள்ளுங்கள். குறை கண்டால் திருத்துங்கள்" என்று சொல்லி, எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள்.

பாதி வெந்த சோற்றைப் பந்தியில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கருவிகள் விஷயத்தில், வைக்கத்தான் வேண்டும் என்பது நமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

பிழை என்ன செய்யும்?

புரோகிராம் என்பது, கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல். "கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார். இருந்தால் கொடு. இல்லாவிட்டால் கொடுக்காதே" என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், செல்போன், ஆஸ்பத்திரி எந்திரம் எல்லாம் இப்படிப்பட்ட பட்டியலின்படிதான் நடக்கின்றன.

பட்டியலை எழுதுபவன் மனிதன். மனிதன் எழுதினால் பிழை வரும். லட்சக் கணக்கான வரிகள் எழுதினால், வராமல் இருக்குமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் புற்று நோய்க்குக் கதிர் சிகிச்சை செய்யும் எந்திரம் ஒன்று இருந்தது. அதன் பெயர் தெராக்-25. 1985-ம் ஆண்டு முதல் 1987-ம் ஆண்டு வரை, அந்த எந்திரத்தால் 6 நோயாளிகளின் உடம்பில் அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது. சிலர் உயிர் இழந்தார்கள். அதன் புரோகிராமில் பிழை இருந்ததே காரணம். முன்பு இருந்த எந்திரங்களில், தப்பு நடந்தால் தடுக்கும் தனிப் பூட்டு எந்திரத்திலேயே இருந்தது. தெராக்-25 எந்திரத்தில் அந்தக் காவல் வேலையைப் புரோகிராமிடமே ஒப்படைத்துவிட்டார்கள். காவல்காரனே கண் அயர்ந்தான்.

ஆகவே, பிழை பார்ப்பது பொழுது போக்கு அல்ல. உயிர் காக்கும் வேலை.

பார்ப்பதற்கு இரண்டு வழி

புதிதாக ஒரு பாலம் கட்டுகிறார்கள். அது தாங்குமா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இரண்டு வழி உண்டு. ஒன்று, அனுபவம் உள்ள என்ஜினீயர் வரைபடத்தை வாங்கி, கோடு கோடாகப் படித்துப் பார்ப்பது. மற்றொன்று, கட்டிய பாலத்தின் மீது மூட்டை ஏற்றிய லாரிகளை ஓட்டிப் பார்ப்பது.

புரோகிராமுக்கும் இதே இரண்டு வழிதான். எழுதியதைப் படித்துப் பிழை தேடுவது ஒன்று. ஓட விட்டுத் தொல்லை கொடுத்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் செய்ய மனிதனுக்குப் பொறுமை போதாது. அதனால் கருவி வேண்டும்.

இந்த இரண்டு வகைக் கருவிகளுக்கும் சுவையான கதை உண்டு.

மழை கொடுத்த யோசனை

1988-ம் ஆண்டு. அமெரிக்காவில் மாடிசன் என்ற நகரம். அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் பார்ட்டன் மில்லர் என்ற பேராசிரியர் இருந்தார். ஒரு நாள் இரவு இடியும் மழையுமாக இருந்தது. மில்லர் வீட்டில் இருந்தபடியே, டெலிபோன் கம்பி வழியாகப் பல்கலைக் கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்து கொண்டிருந்தார்.

மழையினால் கம்பியில் ஒரே இரைச்சல். அவர் அடித்த எழுத்தோடு, அடிக்காத எழுத்துக்களும் கன்னா பின்னா என்று சேர்ந்து போயின. அதைத் தாங்க முடியாமல் புரோகிராம்கள் படுத்துவிட்டன!

வேறு ஒருவராக இருந்தால், மழையைத் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். மில்லருக்குச் சந்தேகம் பிறந்தது. புரியாத எழுத்து வந்தால், புரியவில்லை என்று சொல்லிவிட்டு நிற்பதுதானே நல்ல புரோகிராமுக்கு அழகு? அது ஏன் விழ வேண்டும்?

இதை மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுத்தார். கண்ணை மூடிக் கொண்டு எழுத்துக்களை அள்ளி வீசும் ஒரு கருவியை மாணவர்கள் செய்தார்கள். யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பின் 7 வகைகளில், சுமார் 90 புரோகிராம்கள் மீது அதை வீசிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்று விழுந்தது, அல்லது திகைத்து நின்றுவிட்டது. 1990-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று.

அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். கருவியையும், சோதனை செய்த முறையையும், கிடைத்த முடிவுகளையும் அப்படியே பொதுவில் வைத்தார்கள். நம்பாதவர்கள் தாங்களே வீசிப் பார்க்கலாம் அல்லவா?

1995-ம் ஆண்டு மறுபடியும் சோதித்தார்கள். கம்பெனிகள் விற்ற யூனிக்ஸ் வகைகளில், நூற்றுக்கு 15 முதல் 43 வரை புரோகிராம்கள் விழுந்தன. எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்து, இலவசமாகக் கொடுக்கப்பட்ட லினக்ஸ் அமைப்பில் விழுந்தவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு! காசு கொடுத்து வாங்கியது உறுதி, இனாமாக வந்தது மட்டம் என்ற எண்ணத்துக்கு அன்றே அடி விழுந்தது.

மழை இரவில் பிறந்த அந்த யோசனை இன்று பெரிய மரமாகிவிட்டது. பொதுவில் உள்ள புரோகிராம்களை இதே முறையில் இரவு பகலாகச் சோதிக்க, கூகுள் நிறுவனம் 2016-ம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு வரையில், சுமார் 1,000 திட்டங்களில் 10,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைக்க அது உதவியது.

மாணவன் செய்த தவறு

ஓட விட்டுப் பார்க்கும் கருவியின் கதை அது. படித்துப் பார்க்கும் கருவியின் கதையும் பள்ளிக் கூடத்துக் கதைதான்.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக் கழகத்தில் பில் பியூ என்ற பேராசிரியர், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பாடம் சொல்லி வந்தார். ஒரு மாணவன் தன் புரோகிராம் ஓடவில்லை என்று அவரிடம் வந்தான். வாங்கிப் பார்த்தார். ஒரு பொருளைச் செய்ய வேண்டுமானால், முதலில் அதே போல இன்னொரு பொருளைச் செய் என்று எழுதியிருந்தான்! ஒரு வீடு கட்ட முதலில் ஒரு வீடு கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு வீடு. எப்போது முடியும்? முடியவே முடியாது.

சிறு பிள்ளைத்தனமான பிழை என்று தோன்றுகிறது அல்லவா? இன்னொரு மாணவனும் அதே பிழையோடு வந்தான். பேராசிரியர், அந்தப் பிழையை மட்டும் தேடிப் பிடிக்கும் சின்னக் கருவி ஒன்றை எழுதினார். மற்ற மாணவர்களின் புரோகிராம்கள் மீது ஓட்டினார். மேலும் சிலர் அகப்பட்டார்கள்.

அத்தோடு விடவில்லை. ஜாவா மொழியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் புரோகிராம்கள் மீதும் ஓட்டினார். அவை பெரிய நிபுணர்கள் எழுதியவை. அங்கேயும் முடிவில்லாமல் சுற்றும் அதே வகைப் பிழை இருந்தது! மாணவனுக்குச் சறுக்கிய இடத்தில் யானைக்கும் அடி சறுக்கியிருந்தது.

பில் பியூவும், டேவிட் ஹோவ்மெயர் என்பவரும் சேர்ந்து இப்படிப் பல சின்னக் கருவிகளை ஒன்று திரட்டினார்கள். அதற்கு "பைண்ட்பக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். "பூச்சியைக் கண்டுபிடி" என்று பொருள். புரோகிராம் எழுதுபவர்கள் பிழையைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். 2004-ம் ஆண்டு அவர்கள் இதைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பே, பிழை கண்டுபிடிப்பது எளிது என்பதுதான். கருவியையும், அது எழுதப்பட்ட விதத்தையும், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமையோடு பொதுவில் வைத்தார்கள். இப்படி வைப்பதைத்தான் "ஓபன் சோர்ஸ்" என்கிறார்கள்.

மிக்சியும் ஜாரும்

வீட்டில் மிக்சி இருக்கிறது. மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மிளகாய்ப் பொடிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார் என்று மாற்றி மாற்றிப் பொருத்துகிறோம். புது வேலை வந்தால், புது ஜார் வாங்கினால் போதும். புது மிக்சி வாங்க வேண்டியது இல்லை.

கம்ப்யூட்டர் உலகில் இந்த ஜாருக்குப் "பிளக்-இன்" என்று பெயர். 2001-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி, எக்லிப்ஸ் என்ற சாப்ட்வேரைப் பொதுவில் வைத்தது. அதன் மதிப்பு 4 கோடி டாலர் என்று சொன்னார்கள். புரோகிராம் எழுதுபவர்களுக்கு அது ஒரு மேஜை மாதிரி. எந்தக் கருவி வேண்டுமோ, அதை அந்த மேஜையில் பொருத்திக் கொள்ளலாம். பைண்ட்பக்ஸ் கருவியையும் அதில் ஒரு பிளக்-இன்னாகப் பொருத்தினார்கள். எழுதுபவர் எழுத எழுத, "இந்த வரியைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அது ஓரத்தில் சுட்டிக் காட்டும்.

பைண்ட்பக்ஸ் கருவியிலும் மேலும் ஜார்களைப் பொருத்த இடம் வைத்திருந்தார்கள். திருடன் நுழையக் கூடிய ஓட்டைகளைத் தேடுவதற்கென்றே, வெளியில் இருந்த சிலர் ஒரு தனிப் பிளக்-இன் எழுதினார்கள். பேராசிரியரிடம் போய் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெரிய கருவியைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒருவர் ஒரு சின்ன ஜாரைச் செய்யச் சில வாரம் போதும். தனக்குத் தெரிந்த ஒரே ஒரு பிழையைப் பிடிக்கும் வித்தையை அவர் பொதுவில் வைத்தால், உலகம் முழுவதும் அந்தப் பிழை பிடிபடும்.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

"சரி, அந்தச் சின்னக் கருவியே தப்பாக இருந்தால்?" என்று கேட்கலாம்.

இதற்குப் பைண்ட்பக்ஸ் செய்தவர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். பிழைகளைப் பல வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள். அதில் ஒரு வகைக்குப் பெயரே "பரீட்சை நிலையில் உள்ளவை" என்பதுதான். முழுமையாகச் சரி பார்க்கப்படாதவை என்று பக்கத்திலேயே விளக்கமும் எழுதி வைத்தார்கள்.

ஒளிவு மறைவு இல்லை. விளம்பரமும் இல்லை. மருந்து பாட்டிலில் சீட்டு ஒட்டுவது போல ஒட்டிவிட்டார்கள். துணிந்தவர்கள் உபயோகிக்கலாம். வேண்டாதவர்கள் ஒதுக்கலாம். பல பேர் உபயோகித்துச் சொன்ன பிறகு அது தேறும், அல்லது தள்ளுபடியாகும்.

பூட்டி வைத்திருந்தால்? செய்தவரின் மேஜையிலேயே கிடந்து தூசி படியும். அது தேறுமா, தேறாதா என்பது செய்தவருக்கே தெரியாமல் போய்விடும்.

"புலி வருது" கதை ஆகிவிடாதா?

இன்னொரு குறையும் சொல்கிறார்கள். இந்தக் கருவிகள் பிழை இல்லாத இடத்திலும் கூச்சல் போடுகின்றன என்கிறார்கள். உண்மைதான். "புலி வருது, புலி வருது" என்று தினமும் கத்தினால், புலி வரும் அன்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

2009-ம் ஆண்டு மே மாதம், கூகுள் நிறுவனத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. நூற்றுக் கணக்கான என்ஜினீயர்கள் உட்கார்ந்து, பைண்ட்பக்ஸ் காட்டிய ஆயிரக் கணக்கான எச்சரிக்கைகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றைத் திருத்த வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால் அவற்றில் மிகச் சிலதான் நடைமுறையில் பெரிய தொல்லை கொடுத்திருந்தன.

இந்த முடிவையும் ஆராய்ச்சிக்காரர்கள் மறைக்கவில்லை. கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள். தன் கருவியின் குறையைத் தானே சொல்பவனிடம் நம்பிக்கை பிறக்கிறது. விற்பனைக்காரன் இதைச் சொல்வானா?

செய்தவர் நிறுத்தினாலும் கருவி நிற்காது

பைண்ட்பக்ஸ் கருவியின் கடைசிப் பதிப்பு 2015-ம் ஆண்டு வந்தது. பிறகு வேலை நின்றுவிட்டது. பூட்டி வைத்த கருவியாக இருந்திருந்தால், கதை அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் அது பொதுச் சொத்து. அதை உபயோகித்து வந்தவர்களும், திருத்தி வந்தவர்களும் ஒன்று சேர்ந்தார்கள். விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்கள். "ஸ்பாட்பக்ஸ்" என்று புதுப் பெயர் வைத்தார்கள். பழைய கருவிக்காக எழுதிய பாதுகாப்புப் பிளக்-இன்னும் புதுக் கருவியோடு சேர்ந்து வேலை செய்கிறது.

தாத்தா வைத்த தென்னை பேரனுக்குக் காய்க்கிறது. திறந்து வைப்பதன் பலன் இதுதான்.

திறந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்டர்நெட்டில் நாம் அனுப்பும் ரகசியங்களைக் காப்பதற்கு, ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற புரோகிராம் உண்டு. உலகத்தில் பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதை உபயோகிக்கின்றன. அதுவும் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டதுதான். 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதில் ஒரு பயங்கர ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

அது என்ன ஓட்டை? ஒருவன் கடைக்காரரிடம் ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட்டு, "நான் கொடுத்த 64,000 படியைத் திருப்பிக் கொடு" என்கிறான். கடைக்காரர் அளந்து பார்க்கவில்லை. கிடங்கில் இருந்த மற்றவர்களின் அரிசியையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் அரிசிக்குப் பதிலாகப் போனவை ரகசியங்கள். கனடாவின் வருமான வரி இலாகாவில் இருந்து மட்டும், சுமார் 900 பேரின் அரசாங்க அடையாள எண்களைத் திருடிவிட்டார்கள்.

2012-ம் ஆண்டு முதல் 2 ஆண்டுகள் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. படிக்கலாம் என்று எல்லோருக்கும் உரிமை இருந்தது. படித்தவர்கள்தான் இல்லை! கன்னா பின்னா எழுத்துக்களை வீசும் கருவியின் புது வகை ஒன்றை வைத்துப் பிற்பாடு சோதித்தபோது, சில மணி நேரத்தில் அந்த ஓட்டை அகப்பட்டது.

உலகமே உபயோகித்த அந்தப் புரோகிராமுக்கு அதுவரை வந்த நன்கொடை, ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தன. தூர் வார ஒருவரும் வரவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தால்?

மற்றொரு ஆபத்தும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் பிழை தேட, ஈ.எஸ்.லின்ட் என்ற கருவி இருக்கிறது. அதுவும் பிளக்-இன் பொருத்தும் கருவிதான். 2018-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, அதைக் கவனித்து வந்தவர்களில் ஒருவருடைய ரகசியச் சொல் ஒரு திருடன் கையில் சிக்கியது. அவர் அதே சொல்லை வேறு இடத்திலும் வைத்திருந்தார். திருடன் அந்தக் கருவியின் பகுதி ஒன்றில் விஷத்தைக் கலந்து வெளியிட்டுவிட்டான். அதை எடுத்தவர்களின் சாவிகளைத் திருடுவதே அவன் எண்ணம்.

பிழை பிடிக்க வந்த கருவிக்குள்ளேயே திருடன்! நல்ல வேளையாக, சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். எல்லோரும் பார்க்கும்படி இருந்ததால் சீக்கிரம் பிடிபட்டது. நடந்தது என்ன என்று கருவியைக் கவனிப்பவர்கள் விவரமாக எழுதி வெளியிட்டார்கள். பூட்டுப் பலமாக இருந்திருந்தால், திருடன் நுழைந்தே இருக்க மாட்டான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

கருவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுமை பெறட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிழை உங்களுக்காகக் காத்திருக்காது. கருவியை வெளியே வையுங்கள். ஆனால் "சோதனையில் இருப்பது" என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுங்கள். எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று சொல்லுங்கள். தொடர்ந்து கவனிக்க முடியாவிட்டால், அதையும் சொல்லி, சாவியை நம்பிக்கையான கையில் கொடுங்கள்.

எடுத்து உபயோகிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இனாமாக வந்ததே என்று கண்ணை மூடிக் கொண்டு பொருத்தாதீர்கள். யார் செய்தது, எப்போது திருத்தியது என்று பாருங்கள். பொய்க் கூச்சல் போட்டால், திட்டிவிட்டுப் போகாமல் செய்தவருக்கு எழுதிப் போடுங்கள். நீங்கள் எழுதும் நாலு வரி, நாளை நாலாயிரம் பேருக்கு உதவும்.

பெரிய கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் காரமானது. பொதுக் கிணற்றில் இறைத்த தண்ணீருக்குக் கூலி கேட்க யாரும் வரவில்லை. அதனால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. பணம் கொடுங்கள். ஆள் கொடுங்கள். நீங்கள் உள்ளே பூட்டி வைத்திருக்கும் பிழை பிடிக்கும் கருவிகளையும் வெளியே எடுத்து வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்குப் புரோகிராம் தெரியாது. வங்கியில் பணம் போட்டிருக்கும் மூதாட்டிக்குப் பிளக்-இன் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் உயிரையும் பணத்தையும் நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் கருவி ஒன்று யார் கையில் இருந்தாலும், அதைப் பூட்டி வைக்க அவருக்கு மனம் வரலாமா?